அறுபத்து மூன்றாம் வருடத்துத் துப்பாக்கி

பாலகாட், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராதிகாவுக்கு,

மாயா எழுதுகிறேன். மைன்ஸ் லைனில் உங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு, அப்பாதுரை மகள். புனேயில் நீயும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முகவரியைப் பங்காருபேட்டையில் உன் சித்தி ரத்தினம்மாவிடம் வாங்கினேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். வைத்தாலும் தப்பில்லை.

உன் அம்மா, பார்வதம்மா அத்தை தவறிய செய்தி போன வருடமே வந்தது. நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது? உன் அப்பா ராஜப்பாவுக்கு வேலை போன மறுநாள் வகுப்பில் உன் பக்கத்திலிருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனவள் நான். "அந்த வீட்டுக்குப் போவாத" என்று சொல்லி அனுப்பியவர் என் அப்பா.

மழைக்கு முன் கூரை ஷீட் மாற்ற ஆள் விட்டோம். பரண் மூலையில் சாக்கில் சுற்றிய துப்பாக்கி ஒன்று கிடைத்தது. கட்டை பிளந்து, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அப்பா பார்த்ததும், "எங்க அப்பாவுதும்மா. வெள்ளைக்காரத் துரை குடுத்துட்டுப் போனது. அத எதுக்கு எறக்குனீங்க?" என்றார். நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, போலீஸில் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் எந்தக் காலத்தது என்று தெரிந்துகொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர் உதய். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து முனிரத்தினம் என்பவரைக் கூட்டி வந்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்து ரிட்டையர் ஆனவர். வருடம் அடித்திருந்த இடம் துருவில் கரைந்து போயிருந்தது. அவர் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, ஒரு எழுத்தும் அஞ்சு நம்பரும் மெல்ல எழும்பி வந்தன. எந்த வருடம் எந்த எழுத்து, எந்த நம்பர் வரை என்று பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனார்.

"இது அறுபத்தி மூணுல செஞ்சதும்மா. நம்ம நாட்டுத் துப்பாக்கி. மைன்ஸ் காவலுக்கெல்லாம் இதத்தான் குடுத்தாங்க."

தாத்தா சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தது ஐம்பத்தி இரண்டில்.

மைன்ஸ் காவலில் இருந்தவர் அப்பா. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் போனதும் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"எண்பத்தொம்போதுல. என் ஷிப்டு முடியற நேரம், கை தவறிக் கீழ போட்டுட்டேன். கட்ட பொளந்துச்சு. மெமோ குடுப்பாங்கன்னு பயம். சரி பண்ணி நாளைக்கி வெச்சிடலாம்னு தூக்கினு வந்துட்டேன். அடுத்த ஷிப்டு ராஜப்பா. கூட்டாளிதானேன்னு துப்பாக்கிய எண்ணிப் பாக்காம கையெழுத்துப் போட்டான். காலைல ஆபீசர் வந்து எண்ணுனாரு. ஒண்ணு கொறஞ்சுது."

"அப்பவே ஏம்பா சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். உள்ள அவன அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்துட்டேன்."

அவ்வளவுதான், ராதிகா. என் அப்பா வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். உன் அப்பாவுக்கு வேலை போயிற்று, வீடு போயிற்று. பதினோரு மாதம் கழித்துப் பங்காருபேட்டை தண்டவாளத்துக்குப் போனார். அன்று துக்கத்துக்கு வந்த நாலு பேரில் என் அப்பாவும் ஒருவர். அப்போது அவரை எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன்.

மறுநாளே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அப்பாவும் ஆட்டோவில் ஏறினார். கெஞ்சவில்லை. வாக்குமூலம் எழுதிக்கொண்டு, எழுபத்தேழு வயது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டு நோட்டீஸ் வருமாம்.

உன் அப்பா மேல் விழுந்த திருட்டுப் பழியை எங்கே போய்த் துடைப்பது என்று தெரியாமல் மைன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். பூட்டிக் கிடக்கிறது. கேட்டில் இருந்த காவலாளி, "கம்பெனியே இல்ல, பேப்பர் இன்னா இருக்கும்? யாருக்கு எழுதச் சொல்றதுன்னு எனக்கே தெரியல, போங்கம்மா" என்றார். தண்டனை கொடுத்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அது தப்பு என்று சொன்னால் கேட்க ஒரு ஆள் இல்லை. "அவரு எடுக்கலடி" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்த அத்தையும் இல்லை.

அப்பாவுக்குச் சோறு போடுகிறேன். பேச முடியவில்லை. அவரும் பாதியிலேயே தட்டைத் தள்ளிவிடுகிறார். அதைப் பார்த்தால் இரக்கமும் வருகிறது, அந்த இரக்கத்தின் மேலேயே ஆத்திரமும் வருகிறது.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கன்னடத்தில் இருக்கிறது, உனக்குப் படிக்க வரும். ஐந்தாவது வரியில் உன் அப்பா எடுக்கவில்லை என்று இருக்கிறது. கீழே என் அப்பாவின் கையெழுத்து. உன் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துக் காட்டு.

கவரின் மேல் உன் பெயருக்கு முன்னால் உன் அப்பாவின் இனிஷியல் 'ரா.' போட்டிருக்கிறேன். நீ அந்த எழுத்தை விட்டுப் பல வருடம் ஆயிற்று என்று உன் சித்தி சொன்னார். கோபத்தில் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு, பரவாயில்லை. அந்த எழுத்தை மட்டும் எடுத்துக்கொள், ராதிகா.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பக்கத்திலிருந்து எழுந்து போன
மாயா