நாரைக்கு நிற்க இடம்

ஜூன் 19, விடாத மழை

அன்பு மகள் சிஹாருவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் இப்பெய்யும் மான்ட்ரியாலில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசைக் கேட்டால் அம்மாவுக்கு நலம், எனக்கு நலமில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அது அடுப்படியை ஒட்டி இருக்கிறது, அம்மா காய் நறுக்கிக்கொண்டே காதை என் பக்கம் வைத்திருப்பாள். அதனால் இதைப் படித்ததும் நீயும் அவளிடம் வாயைத் திறக்காதே. மற்றபடி மழைக்காலம் தொடங்கிவிட்டது, அம்மா இரண்டு ஜாடி நிறைய ப்ளம் காயை உப்பில் போட்டு என்னைத் தொடவிடாமல் காவல் காக்கிறாள். உன் அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் வலி இருந்தபோது இருந்த அமைதி இப்போது அவளிடம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் முள்ளங்கிப் பாத்தி இருந்த இடத்தில் பெரிய குளமாக வெட்டுகிறேன் என்று போன இலையுதிர் காலத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, இப்பெய் வரும்போது பார்ப்பதற்கு ஏதாவது இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு இகராஷிக்கு வண்ணக் கெண்டை வளர்ப்பதில் முப்பது வருஷப் பழக்கம் என்பது உனக்குத் தெரியும், அவன் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். முதல் நாளே அவன் என் மண்வெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "யோவ், நாரை கால் ஊனிடுச்சுன்னா உன் மீனெல்லாம் போச்சுய்யா. கரையை நேரா செங்குத்தா இறக்கு, நல்லா ஆழமாத் தோண்டு. அதுக்கு நிக்க இடமே குடுக்காத" என்றான். அப்படியே இறக்கினேன். நாலு பக்கமும் சுவர் மாதிரி சிமெண்டு, மேலே சுற்றிலும் ஆற்றுப் பாறைகள், பாறை இடுக்கில் பெரணி, ஒரு மூலையில் நீல ஐரிஸ் பூச்செடி, இன்னொரு மூலையில் குட்டைப் பைன் மரம். வீட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும் தட்டையான ஒரு பெரிய கல்லை ஒரு முழம் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன், இப்பெய் அதில் குந்தி உட்கார்ந்து மீனுக்கு இரை போடட்டும் என்று. புதுக் கல் புதுக் கல்லாகவே தெரிந்தால் நம் ஊரில் சிரிப்பார்கள் என்பது உனக்கே தெரியும், சட்டையில் விலைச்சீட்டோடு தெருவில் போன மாதிரி. அதனால் அம்மா தினமும் காலையில் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் ஊற்றினாள். "பாசி வரட்டும் பாருங்க, பேரன் வர்றதுக்குள்ள நூறு வருசத்துக் கல்லா மாத்திக் காட்டுறேன்" என்று சவால் விட்டாள். பாசியும் வந்தது, மே மாதத்தில் பச்சைப் பட்டுத் துணி விரித்த மாதிரி இருந்தது. அவளைவிட எனக்குத்தான் பெருமை, போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மே பன்னிரண்டாம் தேதி அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அந்தக் கல்லில் நின்று இரை போடக் குனிந்தேன், அவ்வளவுதான் தெரியும், அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தேன். தலை மூழ்கவில்லை, தோள் வரைதான் தண்ணீர், அதனால் முதலில் என்னை நானே திட்டிக்கொண்டு ஏறப் பார்த்தேன். ஏற முடியவில்லை சிஹாரு. காலை ஊன்ற ஒரு விரற்கடை இடம் இல்லை, நாரைக்கு இல்லாத இடம் எனக்கு மட்டும் எங்கிருந்து வரும். கையை நீட்டிப் பாறையைப் பிடித்தால் பாசி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. கத்தினேன். அது நாற்று நடும் வாரம், ஊரே வயலில் கிடந்தது, நடவு இயந்திரங்களின் சத்தத்தில் என் குரல் யாருக்குக் கேட்கும். மலையிலிருந்து வரும் தண்ணீர் அல்லவா, கொஞ்ச நேரத்தில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மீன்கள் இரை போடும் நேரம் என்று நினைத்து என் கால்சட்டையை முட்டி முட்டிப் பார்த்தன. ஒரு மணி நேரம் இருக்கும். தெருவார் கைமாற்றிப் படிக்கும் அறிவிப்பு அட்டையைக் கொடுக்க இகராஷி வந்து வாசலில் கூப்பிட்டது என் அதிர்ஷ்டம். என் சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்தவன், "என்னய்யா, மீனு பத்தலன்னு நீயே எறங்கிட்டியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என் உதட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான், மரம் கழிக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

அம்மா வருவதற்குள் துணி மாற்றிவிட்டேன். என்னைப் பற்றிய பயம் அன்று மாலையே போய்விட்டது. மறுநாள் காலையில்தான் வேறு பயம் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. நீ ஐந்து வயதில் நின்று கோடு போட்ட தூண் இருக்கிறதே, அதில் போன மாதம் ஐந்தாம் தேதி, நம் நாட்டுக் குழந்தைகள் நாளன்று, நீ எழுதி அனுப்பிய இப்பெய்யின் உயரத்துக்கும் கோடு போட்டேன், நூற்றியெட்டு சென்டிமீட்டர். அந்தக் கோட்டு அளவுக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக் குளத்தில் செங்குத்தாக இறக்கினேன். குச்சி முழுகியது. அதன் நுனிக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் நின்றது, என் கை மணிக்கட்டு வரை நனைந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன், என் பேரன் வந்து விழுவதற்கு நானே ஒரு குழி வெட்டி, சுற்றிலும் கல்லும் பூவும் வைத்து, உள்ளே தள்ளிவிடப் பாசியும் வளர்த்து வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மீன் துள்ளி விழும் சத்தம் கேட்டாலே பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது யாரோ குடையை உதறினார்கள், நான் வரிசையை விட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். வேலி போடலாம் என்றான் இகராஷி. நீ நாலு வயதில் குளியலறை ஜன்னல் வழியாக ஏறிக் கூரைக்குப் போனவள், உன் பிள்ளைக்கு வேலி எம்மாத்திரம். வலை கட்டலாம் என்றான், வலையோடு சேர்ந்து குழந்தை முழுகினால் என்ன செய்வது என்று நினைத்ததும் அவனிடம் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டேன். அம்மா கடைக்குப் போகும்போதெல்லாம் கயிற்றுக் குஞ்சத்தால் அந்தக் கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பாசியை எடுத்தேன். மறுநாள் காலையில் அவள் மறுபடி அரிசித் தண்ணீர் ஊற்றுவாள், நான் மறுபடி தேய்ப்பேன். "அந்த இகராஷி வீட்டுப் பூனை வந்து சுரண்டுதுங்க, ஒரு நாளைக்குப் புடிக்கிறேன் பாருங்க" என்கிறாள். பாவம் அந்தப் பூனை. அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பாசி அவள் கையால் வளர்ந்தது. அதில்தான் நான் வழுக்கினேன் என்று தெரிந்தால் அவள் அப்புறம் பின்பக்கக் கதவையே திறக்கமாட்டாள், காய்கறிக்கடைக்காரியிடம் எல்லாம் இது எங்கள் பேரன் உட்காரும் கல் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வாரம் துணிந்துவிட்டேன். மீன்களை இகராஷியின் தொட்டிக்கு மாற்றி, தண்ணீரை இறைத்து, சுவரை ஒட்டி நாலு பக்கமும் உள்ளே பாறைகளை அடுக்கிக் கெட்டியாகச் சிமெண்டு வைத்தேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் கால் ஊன்ற இடம், அங்கிருந்து ஏற ஒரு கல், அதற்கு மேல் இன்னொரு கல். நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தட்டைக் கல்லையும் பெயர்த்து, மணலால் தேய்த்து, அடுக்கின் மேலேயே படுக்கப் போட்டேன். இகராஷி இடுப்பில் கை வைத்து நின்று, "உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சாய்யா? நாரைக்குப் பந்தி விரிக்கிற!" என்று கத்தினான். அம்மாவிடம் ஐரிஸ் செடிக்கு ஆழமில்லாத தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும் என்று புளுகினேன். "அறுபத்தாறு வயசுல பூ மேல ஆசை வந்துருச்சு, ஆத்தாடி" என்றாள். தண்ணீர் நிரப்பியதும் அதே மூங்கில் குச்சியைக் கல்லின் மேல் நிறுத்திப் பார்த்தேன், பாதிக்கு மேல் வெளியே நின்றது. நாலு பக்கமும் நிறுத்திப் பார்த்தேன். ஆனால் நடுவில் இன்னும் பழைய ஆழம்தான், மீனுக்கு அது வேண்டும், அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

மீன்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட நாலாம் நாள் காலையில் நாங்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது நாரை வந்தது. நேராக அந்தத் தட்டைக் கல்லில் இறங்கி, பாதிக் கால் நனைய, இந்த வீடே தன்னுடையது போல நின்றது. அம்மா அலறிக்கொண்டு பானை மூடியைத் தட்டியபடி ஓடுவதற்குள் ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. எந்த மீன் என்று எழுதக் கை வரவில்லை, நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை மீன், புகைப்படம் பார்த்து இது என்னுடையது என்று இப்பெய் சொன்னானாமே, அதுதான். "புள்ள வந்து கேட்டா என்னங்க சொல்லுவீங்க?" என்று அம்மா அழுதாள். எனக்கும் அந்த மீன்மேல் ஆசைதான். ஆனாலும் சிஹாரு, ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரத்தில் பாதி அந்த நிமிஷம் இறங்கியது. நாரை கால் ஊன்றி நிற்கிற இடத்தில் நம் பிள்ளையும் நிற்பான்.

எல்லாவற்றையும் உனக்கு எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டு ஆகஸ்டில் வரவேண்டாம் என்று நீ நினைத்தால் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. வருவதாக இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவன் கையை என் கையில் கொடுத்துவிடு, திரும்பிப் போகும் வரை நான் விடமாட்டேன். ஜூலையில் அவன் உயரத்தை மறுபடி அளந்து எழுத மறக்காதே, வேறு குச்சி வெட்ட வேண்டும். பொட்டு மீனை நாரை தின்றுவிட்டது என்றே அவனிடம் சொல், ஓடிப்போயிற்று என்று சொன்னால் தேடப் போவான். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க நம் குலதெய்வக் கோயிலில் நேற்றும் வேண்டிக்கொண்டேன். இன்று காலையும் நாரை வந்தது. அம்மா பானை மூடியை எடுத்தாள், அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். "மீனு போவுதுங்க" என்றாள். அது வழுக்காமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும்
அப்பா செய்ஜுரோ