சாயங்கால மோட்டார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லா தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருப்பேன்னு நம்பித்தான் அப்பா இதை எழுத உட்கார்ந்திருக்கேன். இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போதே என்னைத் திட்டிக்கிட்டு ஏறுற அளவுக்கு மூச்சு இருக்கு. என் காதுதான் பழையபடி. முப்பது வருஷம் பம்ப் ஹவுஸ்ல மோட்டார் பக்கத்துலயே நின்ன காது, இனிமே திருந்தவா போகுது. இந்த மனுஷன் என்ன திடீர்னு பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்துட்டார்னு நீ யோசிப்பே. ஃபோன்ல சொல்ல வாய் வராத விஷயம் ஒண்ணு இருக்கும்மா. போன வாரம் நீ அம்மாகிட்ட, அங்கயே இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்கன்னு சொன்னியே, அப்போ நான் குளிச்சுக்கிட்டிருக்கேன்னு அம்மா சொன்னா இல்லையா. நான் குளிக்கல. அவ பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன்.

முதல்ல உன் பூவைப் பத்திச் சொல்லிடறேன், இல்லாட்டி மீதியை நீ படிக்கவே மாட்டே. அது உசுரோட இருக்கு, பயப்படாதே. அது பூ இல்லப்பா, அனிமோன், கடல்ல வாழுற உயிர், அதுக்கு வாய் இருக்கு, கை இருக்கு, கால் இருக்குன்னு நீ நூறு தடவை பாடம் நடத்தியும் இந்த வீட்டுல அது பூதான். முதல் சம்பளத்துல அந்த உப்புத்தண்ணித் தொட்டியை வாங்கி ஜன்னல் ஓரத்துல வச்சு, பூவையும் அதுக்குத் துணையா ரெண்டு ஆரஞ்சு மீனையும் விட்டுட்டு, ஒரு வருஷம்தான்பா வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனே. இது மூணாவது வருஷம். ஆரம்பத்துல நான் பண்ணின கூத்து உனக்குத் தெரியாது. ஊருக்கே தண்ணி விட்டவனுக்கு ஒரு தொட்டியில தண்ணி ஓட வைக்கத் தெரியாதான்னு ஒரு திமிர். நீ வச்சுட்டுப் போன சின்ன மோட்டாரைத் திருப்பி நேரா பூ மேலேயே அடிக்கிற மாதிரி வச்சேன். நம்ம தொழில்ல வேகம் இருந்தாத்தானே தண்ணி மேல ஏறும். பாவம், பஸ் ஜன்னல்ல தலையை நீட்டினவன் முடி மாதிரி அதோட கையெல்லாம் ஒரே பக்கமாப் படிஞ்சுபோச்சு. ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துச்சு, மூணாம் நாள் காலைப் பெயர்த்துக்கிட்டு மெள்ள மெள்ள நடந்து கல்லுக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்கிச்சு. கோவிச்சுக்கிட்டு உள்ள போய்ப் படுக்கிறதுல அப்படியே உங்க அம்மாதான் (இதை அவளுக்குப் படிச்சுக் காட்டாதே).

அப்புறம்தான் தொட்டி வாங்கின கடைக்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். அம்மா அவனுக்கு மீன் டாக்டர்னு பேர் வச்சுட்டா, இப்போ அவனே ஃபோன்ல மீன் டாக்டர் பேசறேங்கன்னுதான் சொல்றான். அவன் வந்து பார்த்துட்டு, ஐயா, இதென்ன தீயணைக்கிறீங்களான்னு கேட்டுட்டான். மோட்டாரை எதிர்க் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினான். தண்ணி கண்ணாடியில மோதி உடைஞ்சு நாலு பக்கமும் சிதறித் திரும்பி வரணுமாம், பூவோட கை ஒவ்வொண்ணும் சோம்பேறித்தனமா இப்படியும் அப்படியும் ஆடணுமாம், ஒரே பக்கம் சாயக் கூடாதாம், ஆடாமலும் நிக்கக் கூடாதாம். அது இடத்தை விட்டு இரை தேடி அலையுற ஜாதி இல்ல, சாப்பாடும் மூச்சும் தண்ணிதான் கொண்டாந்து கொடுக்கணும், அதோட அழுக்கையும் தண்ணிதான் எடுத்துக்கிட்டுப் போகணும்னு சொன்னான். நடக்கிற பூ மோட்டார் வாயில மாட்டிச் சின்னாபின்னமாயிடும்னு அதுக்கு ஒரு வலையும் மாட்டிவிட்டான். ஒரே வாரத்துல பூ தானா நடந்து முன்னால வந்து, நீ வச்ச அதே கல்லு மேல உட்கார்ந்துக்கிச்சு. ஃபோட்டோ அனுப்பினேனே, நீகூட அப்பா நீங்க கில்லாடின்னு எழுதினியே. அதை அம்மாகிட்ட நாலு தடவை காட்டினேன்.

ரெண்டு வருஷம் ராஜா மாதிரி இருந்துச்சு. மூணு மாசமாத்தான் சரியில்ல. கையெல்லாம் சுருங்கி, பழைய எலுமிச்சம்பழம் மாதிரி ஆயிடும், வாயைத் திறந்துக்கிட்டே கிடக்கும். காலையில பார்த்தா கொஞ்சம் விரிஞ்சிருக்கும். மீன் ரெண்டும் அதுகிட்ட போறதும் வர்றதுமா தவிக்கும். உன்கிட்ட சொல்லல. நீ கேட்டப்பல்லாம் நல்லா இருக்குன்னு பொய்தான் சொன்னேன். நீ திரும்பி வந்து பார்க்கிறதுக்கு இங்க உன்னோடதுன்னு அது ஒண்ணுதானே இருக்கு, அதையும் நான் சாகவிட்டுட்டேன்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்னை வாம்மான்னு கூப்பிடுவேன். டாக்டர் நாலு தடவை வந்தான். உப்பைப் பார்த்தான், சூட்டைப் பார்த்தான், விளக்கை மாத்தினான். அவன் வர்றதெல்லாம் காலையில, அப்போ மோட்டார் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கும். அவனுக்கே தலை சுத்திப்போச்சு.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குத் தையல் கடை லீவு, வீட்டுல இருந்தா. டாக்டர் என்னைப் பார்த்து, ஐயா, எப்பவாவது மோட்டாரை அணைப்பீங்களான்னு கேட்டான். என் பொண்ணு பேசும்போது மட்டும் ஒரு பத்து நிமிஷம், அந்தச் சத்தத்துல எனக்குக் காது கேக்காதுன்னு சொன்னேன். பத்து நிமிஷம் ஒண்ணும் பண்ணாதுங்கன்னு அவன் பையை மூடினான். அப்போ அம்மா அடுப்படியில இருந்தே, பேசறது பத்து நிமிஷம்தான் தம்பி, பேசுவாளான்னு உட்கார்ந்திருக்கிறது எவ்வளவு நேரம்னு அவரைக் கேளுங்கன்னு சொன்னா.

உண்மையைச் சொல்றேன் பாப்பா. முன்னாடி நீ ஏழு மணின்னா ஏழு மணிக்குக் கூப்பிடுவே, நானும் அப்போதான் அணைப்பேன். மூணு மாசமா உன் ஷிஃப்ட் மாறிப்போச்சு, ஒரு நாள் அஞ்சு மணிக்கு வருது, ஒரு நாள் எட்டரைக்கு வருது, பல நாள் வர்றதே இல்ல. சிக்னலும் இந்தப் பாழாப்போன ஜன்னல் ஓரத்துல மட்டும்தான் கிடைக்குது, அதனால ஃபோன் தொட்டி பக்கத்துலதான் இருக்கும். ரெண்டு தடவை மோட்டார் சத்தத்துல உன் ஃபோன் அடிச்சதே எனக்குத் தெரியல. திருப்பிக் கூப்பிட்டா நீ வேலைக்குள்ள போயிட்டே. அதுல இருந்து அஞ்சு மணிக்கெல்லாம் மோட்டாரை அணைச்சுட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துடுவேன். எட்டு மணிக்கு அம்மா வந்து, நான் எடுக்கிறேன், மோட்டாரைப் போடுங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டேன். முதல்ல நான்தான் எடுக்கணும்னு ஒரு பிடிவாதம். தினமும் ஒன்பது மணி வரைக்கும், நாலு மணி நேரம், மூணு மாசம். தண்ணி அசையாம அப்படியே நிக்கும், வீடும் சத்தமில்லாம இருக்கும், நான் பூவைப் பார்ப்பேன், பூ என் கண்ணு முன்னாலயே சுருங்கும். முப்பது வருஷம் மோட்டாரோட வாழ்ந்தவனுக்கு இது உறைக்கலையே. கேவலமா இருந்துச்சு.

அம்மா இதையெல்லாம் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. அவ அங்க தனியா இருக்கா, மனசு கஷ்டப்படுவா, வேலை எப்படி ஓடும்னு சொன்னா. அவ சொல்றது நியாயம்தான். நான் வேலையை விட்டுட்டு வான்னு சொல்ல இதை எழுதல. ரெண்டு வருஷம் இருந்துட்டு நல்ல பேரோட வா. ஆனா குளிக்கிறேன்னு பொய் சொன்னது, பூ நல்லா இருக்குன்னு பொய் சொன்னது, எல்லாம் சேர்ந்து நெஞ்சுல உட்கார்ந்துக்கிச்சு. எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கும்மா. அவ்வளவுதான் விஷயம். இதை ஃபோன்ல சொன்னா அழுதுடுவேன், அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே ஆயுசுக்கும் சிரிப்பா.

இப்போ மோட்டாரை அணைக்கிறதே இல்ல. டாக்டர் என் ஃபோன்ல என்னமோ பண்ணிட்டான், மணி அடிச்சா பின்னால இருக்கிற லைட்டு பளிச்பளிச்சுன்னு மின்னும். சாய்ச்சு வச்சா தொட்டிக்குள்ள வெளிச்சம் அடிக்கும். அந்த மீன் ரெண்டும் பயந்து அலறி அடிச்சுக்கிட்டு ஓடிப்போய்ப் பூவுக்குள்ள ஒளிஞ்சுக்கும். எனக்குக் காது தேவையே இல்ல, மீன் ஓடினா ஃபோன். பாவமா இருக்கு, வேற வழி தோணல. அஞ்சு நாளாச்சு, பூ முக்கால்வாசி விரிஞ்சிடுச்சு, கையெல்லாம் மறுபடி அதே சோம்பேறித்தனத்தோட ஆடுது. நேத்து மீனுங்க மூணு தடவை ஓடுச்சு. ஒண்ணு கேஸ் சிலிண்டர்காரர், ஒண்ணு ராங் நம்பர், ஒண்ணு உன் சித்தி. மூணு தடவையும் எழுந்து போனேன்.

குளிருக்குப் போர்த்திக்கோ, வெறும் வயித்துல காபி குடிக்காதே. நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சு, தீர்க்காயுசா, மனசு நிறைஞ்சு இருக்கணும்னு அப்பாவும் அம்மாவும் தினமும் வேண்டிக்கிறோம். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. ஃபோன் நாலு தடவை அடிச்சதும் வச்சுடாதே, நான் எழுந்து வர நேரம் கொடு. இனிமே நீ பேசும்போது பின்னால மோட்டார் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அது என்ன சத்தம், அணைங்கன்னு சொல்லாதே. கொஞ்சம் சத்தமாப் பேசு.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா