லிஸ்பனில் ஆறு இரவுகள்

என்னோடு சேர்ந்து சிரிப்பவனுக்கு,

தேனிலவுத் திட்டத்தை மூன்றாம் முறை திருத்தி அனுப்பியிருக்கிறாய். பாரிஸ் நான்கு இரவு, ரோம் நான்கு, லிஸ்பன் இரண்டு. நான் மறுபடியும் லிஸ்பனை ஆறாக்கிவிட்டேன்.

"அங்க என்னடி இருக்கு? நம்ம ஊரு மபூட்டோவுல பேசுற அதே போர்ச்சுகீசு, அதே சுட்ட மீனு. இதுக்கு பிளேன் வேறயா?" என்றாய் நேற்று.

அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். அதனால் இப்போது போர்ச்சுகல். யாரைப் பார்க்கப் போகிறோம் என்று படிவத்தில் ஒரு கட்டம். "யாருமில்லன்னு போடு" என்றாய்.

பரிசம் போட்ட அன்று, என் அம்மாவுக்கென்று உங்கள் வீட்டார் கொண்டுவந்த துணியை, என்னை வளர்த்த அத்தை தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். உன் மாமா திட்டோஸ், இறந்தவர்களுக்குப் படைக்கும் வழக்கப்படி தரையில் ஒயினை ஊற்றி, "உம் பொண்ண நாங்க பாத்துக்குறோம் தாயே, நிம்மதியாத் தூங்கு" என்று இறந்தவளிடம் சொன்னார். நீ அழுதாய். நான் தடுக்கவில்லை.

அம்மா லிஸ்பனில் ஓர் உணவகத்தில் சமைக்கிறாள். எனக்கு எட்டு வயதானபோது போனவள். விட்டுப் போனாள் என்பதைவிட, இறந்துபோனாள் என்று உன்னிடம் சொல்வது எளிதாக இருந்தது.

இரண்டு படிவங்களிலும் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். என்னுடையதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னுடையது மேசைமேல் இருக்கிறது.

உன் மனைவி