சிங்கக்குட்டியின் இடது கண்ணு

12-8-2003, செவ்வாய்

திருச்சி கண் டாக்டர் பஞ்சை மெல்லிசா திரிச்சு என் மக செல்வியோட வலது கருவிழியில தொட்டார். துள்ளிட்டா. இடதுல தொட்டார். சிமிட்டக்கூட இல்லை.

"நெத்தியில அக்கி வந்துச்சா?"

"போன வருசம் வந்துச்சு சார். காவி எழுதினோம், ஆறிடுச்சு."

"தோல்தான் ஆறிச்சு. கருவிழி நரம்பு செத்துப்போச்சு. வலி தெரியாம புண்ணு குழி விழுந்திருக்கு. இமையைப் பாதி சேர்த்துத் தைக்கணும். விட்டா ஓட்டையாகிக் கண்ணே போயிடும்."

வியாழக்கிழமை தையல்.

மிளகாய்க் கையால அந்தக் கண்ணைத் தேய்ச்சாலும் அழமாட்டா. "என் மக சிங்கக்குட்டி, அப்பனைக் கொண்டிருக்கா"ன்னு பெரம்பலூர் டீக்கடை பூரா பீத்திக்கிட்டேன். நான் ஊசியைப் பார்த்தாலே மயக்கம் போடுற ஆளு.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல கேட்டா, "தைக்கிறப்ப வலிக்குமாப்பா?"

"மரத்துப்போக ஊசி போடுவாங்கம்மா. ஒண்ணும் தெரியாது."

"அப்ப நீ வெளியிலயே நில்லுப்பா. நீ விழுந்துட்டா உன்னை யாரு தூக்குறது?"

சொல்லிட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்ப ஒரு ஈ வந்து அவ இடது கண்ணோரம் உக்காந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தா. அவளுக்குத் தெரியலை.

ஊர் வர்ற வரைக்கும் அந்தக் கண்ணுகிட்ட ஈ அண்டாம கையை வீசிக்கிட்டே வந்தேன்.