வாரத்துக்கு ஒன்று

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தார். பயப்படாதே, நடமாடுகிறார். செய்தித்தாள் எங்கே என்று என்னை அதட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆனால் உன்மேல் இருக்கிற எரிச்சலை எழுதித் தீர்க்காவிட்டால் எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு வரும்.

வைட்டமின் டி இதயத்துக்கு நல்லது என்று எங்கேயோ படித்தாய். உடனே இரண்டு டப்பா அனுப்பிவிட்டாய். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றதற்கு, வெயிலில் கிடைக்கிற சத்துதானே அக்கா என்று போனில் சிரித்தாய். வாரத்துக்கு ஒன்று போடவேண்டிய மாத்திரை அது. அப்பா இரண்டு மாதமாகத் தினமும் ஒன்று போட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? இதயத்துக்குத்தான் மகன் அனுப்பிவிட்டானே என்று, டாக்டர் கொடுத்த இதய மாத்திரைகளை மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டார். முப்பது வருஷம் லிப்ட் பழுது பார்த்தவர், ஒரு திருகாணி மாறினால்கூட விடமாட்டார். தன் உடம்பென்றால் மட்டும் இப்படி.

முதலில் ஓயாத தாகம். பிறகு வாந்தி. போன வாரம் குளியலறைக்கு வழி தெரியாமல் கூடத்தில் நின்றுகொண்டு, யாரும்மா நீங்க என்று என்னையே கேட்டார். அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நீ அனுப்பிய மாத்திரை அளவு மீறியதால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, இதயத் துடிப்பே தாறுமாறாகிவிட்டதாம். சத்து குறைவாக இருப்பவர்களுக்கு அளவாகக் கொடுத்தால் எலும்புக்கு நல்லது; ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எனக்குத்தான் பொறுமை இல்லை.

நேற்று அப்பாவிடமும் சண்டை போட்டேன். டப்பாமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, கண் தெரியவில்லையா என்றேன். டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "படிச்சேம்மா. காலைல அதை எடுக்கும்போது அவனே கையில குடுக்கற மாதிரி இருந்துச்சு. வாரத்துக்கு ஒரு தடவை போதலை" என்றார்.

டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவருக்குக் கஞ்சி ஊற்றப் போனேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மீறித்தான் எழுதுகிறேன். சத்து, கித்து என்று இனி எதையும் அனுப்பாதே. நீ வா. நாலு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் பதில் எழுதாதே.

நீயாவது நேரத்துக்குத் தூங்கு.

கோபம் ஆறாத,
உன் அக்கா