கட்டில் சட்டத்துச் சிலுவை

ஊர் ஊராகப் பிரசங்கம் செய்கிற உங்களுக்கு வீட்டில் இருப்பவள் எழுதுவது. இங்கே நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்துக் காவலர் நேற்று வீடு தேடி வந்தார். "அடையாளம் இல்லாத இடத்தைப் பழைய குழின்னு வேற ஆளுக்கு ஒதுக்கிருவாங்கம்மா, இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால தள்ளிப்போட முடியும்" என்றார். அப்புறம் அங்கேயே யாரையோ வைப்பார்களாம். நம் வாலுவின் மேல். நாலு வயதுப் பிள்ளை, போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பதிவு அப்பா பெயரில் இருப்பதால் புது அடையாளம் நட உங்கள் கையெழுத்து வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இருந்த அடையாளம் எங்கே என்று கேட்டார். பிடுங்கியதே அவள் அப்பாதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காற்றில் விழுந்துவிட்டது என்றேன். உங்களுக்காகப் பொய் சொன்ன பாவமும் என் தலையில்.

அவள் கட்டில் சட்டத்தை அறுத்து என் தம்பி செய்த சிலுவை அது. நான் அதை முத்தமிட்டதைப் பார்த்துவிட்டு, மரத்தைக் கும்பிடுகிறாள் என்று முழங்காலில் வைத்து முறித்தீர்கள். ஜனங்கள் கும்பிட்டார்கள் என்று மோசே செய்த வெண்கலப் பாம்பையே ஒரு ராஜா உடைத்தான், இது எம்மாத்திரம் என்று வேதம் வேறு பேசினீர்கள். உடைத்தவன் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறான். அந்தப் பாம்பைச் செய்யச் சொன்னது யார்? பாம்புக் கடிபட்டவர்கள் நிமிர்ந்து பார்த்துப் பிழைக்கட்டும் என்றுதானே கர்த்தர் சொன்னார்? நானும் கடிபட்டவள்தான். அந்த மரத்திடம் நான் எதையும் கேட்கவில்லை. அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டுகிறார்கள் என்பதற்காக உங்கள் வீரத்தைப் பிள்ளையின் குழியில் வந்து காட்டியிருக்க வேண்டாம். இதை நான் மறக்கப்போவதில்லை.

இன்னொன்று. போன முறை உங்கள் பையைத் துவைக்க எடுத்தபோது வேதப் புத்தகத்துக்குள் அவளுடைய மஞ்சள் ரிப்பன் இருந்தது. ஜெபத்துக்கு முன் அதை விரலில் சுற்றிக்கொள்கிறீர்கள், கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். அதை நான் விக்கிரகம் என்று சொல்லவில்லை. பிடுங்கி எரிக்கவும் இல்லை. இருந்த பக்கத்திலேயே வைத்து மூடினேன்.

மாதக் கடைசிக்குள் கையெழுத்து வந்து சேர வேண்டும். ரிப்பனைத் தொலைத்துவிடாதீர்கள். கர்த்தர் உங்களையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா