கோல்மனின் நெருப்பும் புகைபோக்கித் தொப்பியும்

மாதா துணை

கடற்கரை வீடு
செப்டம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

என் கண்ணான மகன் ஃபெஸ்டஸுக்கு அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், பாஸ்டனில் நீயும் உன் மனைவியும் குழந்தை நெஸ்ஸாவும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா சபைனாவின் மூத்தவன் கிலியன் மின்சார வேலைப் பரீட்சையில் தேறிவிட்டான், கால்வேயில் அவனோடு எழுதியவர்களில் பாதிப்பேர் தேறவில்லையாம். இளையவன் ரோனன் அக்கார்டியன் வாசித்து வெள்ளிக் கோப்பை வாங்கியிருக்கிறான், கோப்பையை என்னிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறான், பால் கடைக்காரர் வந்தால்கூட எடுத்துக் காட்டுகிறேன். அவர்கள் தங்கை, என்னோடு இருக்கிற நோரீன், ஆயர் வந்த அன்று கோவிலில் வாசகம் வாசித்தாள், ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை, ஐந்தாவதோடு நின்றவளின் பேத்தி என்று யாராவது சொல்ல முடியுமா, பங்குச் சாமியாரே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெஸ்ஸா நீச்சலில் மெடல் வாங்கினாள் என்று நீ எழுதியதையும் கோவில் வாசலில் எல்லோரிடமும் சொன்னேன். தண்ணீர் என்றதும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன், ஆனாலும் சொன்னேன்.

இனி வீட்டு விஷயம். போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், புகைபோக்கி என்ன ஆயிற்று, பேசாமல் அடைத்துவிட்டு எண்ணெய் அடுப்பு வாங்கு என்று. நீ அங்கே பெரிய பெரிய கட்டடத்தில் சாரம் ஏறுகிறவன், உனக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புகைபோக்கி உச்சியில் செங்கல்லுக்கு மேலே குழாயைச் சுற்றி உன் அப்பா வார்த்த சிமெண்டுத் தொப்பி இருக்கிறதே, அது பனியில் விறைத்து வெயிலில் விட்டு, பழைய மண்சட்டி ஓரம் வெடித்த மாதிரி ஆகிவிட்டது. ஜனவரிப் புயலில் ஒரு மூலை பெயர்ந்து கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. ஒவ்வொரு வருஷமும் நம் ஊர்க் கொத்தனார் மக்டாராவைக் கூப்பிட்டுப் பூசச் சொல்வேன், அவனும் ஏறிப் பூசுவான், கிறிஸ்துமஸ் வருவதற்குள் மறுபடி விரியும். காரணம் உனக்கே தெரியும். கீழே அடுப்பை நான் அணைக்க விடுவதில்லை. உன் அண்ணன் கோல்மன் படகோடு போய்த் திரும்பாத நாளிலிருந்து அந்த அடுப்பில் நெருப்பு அணைந்ததில்லை. ராத்திரி சாம்பல் மூடிப் படுப்பேன், காலையில் ஊதி எழுப்பி சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி ஒன்றை வைப்பேன். கடலில் போனவன் உடம்பு கரை சேராதவரை அவன் வீட்டுப் புகை கடலுக்குத் தெரிய வேண்டும், என் மாமியார் அப்படித்தான் செய்தார், அவர் மாமியாரும் அப்படித்தான். சூட்டின் மேல் பூசிய சிமெண்டு எப்படி ஒட்டும். மக்டாரா ஏணியில் நின்றுகொண்டே கேலி பண்ணுவான், "அத்தே, இது தொப்பியா ரொட்டியா? கீழ தீய வச்சிக்கிட்டு மேல சிமெண்டு பூசச் சொல்றீங்க. வெந்து எடுத்ததும் வெண்ணெய் தடவிடட்டுமா?" என்று. பூசு பூசு என்பேன், டீயும் கொடுப்பேன், வாய் மூடும்.

ஆனால் இந்த வருஷம் தண்ணீர் உள்ளே இறங்கி அடுப்புக்கு இடப்பக்கச் சுவரில் கறை பிடித்தது. கோல்மன் நனைந்து வந்தால் தோளைச் சாய்த்து நிற்பானே, அதே இடம். முதலில் ஒரு கை அகலம். நான் காலண்டரை மாட்டி மறைத்தேன். அது காலண்டருக்கு மேலேயும் போனது கீழேயும் வந்தது, வசந்தத்துக்குள் ஓர் ஆள் உயரம். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மக்டாராவிடம் சொன்னால், "செங்கல்லுலயும் சிமெண்டுலயும் இருக்கிற உப்பு அத்தே, தண்ணி இழுத்துக்கிட்டு வருது, எல்லா ஈரச் சுவத்துலயும் பூக்கும்" என்கிறான். இருக்கலாம். விரிசலில் காற்று நுழைந்து மேற்கே இருந்து வீசும்போது குழாய்க்குள் ஒரு சத்தம் வரும், ஆள் இருமுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற மாதிரி. பட்டப்பகலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது வரும். நான் "வந்துட்டியா" என்று கேட்டிருக்கிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பூசி அடைத்துவிட்டால் அந்தச் சத்தமும் போய்விடுமே என்றுதான் கோடை முழுக்க மக்டாராவுக்குச் சொல்லி அனுப்பாமல் இருந்தேன். நோரீன் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்து, "பாட்டி, அந்த மாமா ஏன் எப்பவும் நின்னுக்கிட்டே இருக்காரு, உக்கார மாட்டாரா?" என்று கேட்டாள். அவளுக்குக் கோல்மனைத் தெரியாது, அவள் பிறப்பதற்கு முன்னால் போனவன். அன்றைக்கே அந்தக் காலண்டரைக் கழற்றிவிட்டேன்.

பிறகுதான் பிள்ளைக்குத் தலைவலி ஆரம்பித்தது. மாடியறையில் படுக்கிறாள் இல்லையா, காலையில் முகம் வெளுத்து, வாந்தி வருகிறது என்பாள், பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும். நான் சாப்பாட்டைக் குறை சொன்னேன், புத்தகத்தைக் குறை சொன்னேன். சபைனா ஒரு சனிக்கிழமை வந்தவள் அந்த அறைக்குள் போய் மூக்கை உறிஞ்சிவிட்டு இறங்கினாள். "புகை நாத்தம்மா. சுவத்து வழியா வருது. அண்ணன் எனக்கும் அண்ணன்தான், அதுக்காக எம்பிள்ளைய மூச்சடைக்கக் குடுக்க முடியாது. அடுப்ப அணைச்சுச் சரி பண்ணு, இல்லன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அப்போதே நோரீன் படுக்கையைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டாள்.

மக்டாரா ஏறிப் பார்த்தான். நூல் மாதிரி விரிசலாக இருந்தால் சுத்தம் பண்ணி மேல்பூச்சு பூசினால் போதுமாம், அதற்காகத்தான் நானும் வேண்டிக்கொண்டு கீழே நின்றேன். அவன் சுத்தியலால் தட்டினான், காலி டப்பா சத்தம். பேனாக்கத்தியை விரிசலில் விட்டான், பிடிவரை இறங்கியது. கெட்டிலில் தண்ணீர் கேட்டு வாங்கி மேலே ஊற்றினான், ஊற்றிய தண்ணீர் ஓரத்தில் வழியவே இல்லை, எல்லாம் உள்ளே. இறங்கி வந்து கேலி பண்ணாமல் பேசினான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அத்தே, இனி பூசுறது உங்கள ஏமாத்துற வேல. ஒடச்சு எடுத்துட்டுப் புதுசா வார்க்கணும். உள்ள காரையெல்லாம் மண்ணாப் போச்சு, மாடியறை உயரத்துல புகை வெளிய வருது, அதையும் நோண்டி அடைக்கணும். ஒரு வாரம் அடுப்பு குளுந்து கெடக்கணும். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றான்.

நான் யோசிக்கவில்லை, அழுதேன். ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் பிள்ளை. அப்போதுதான் மேட்டு வீட்டு டெலியா வந்தாள். அதே படகில் போனவன் அவள் புருஷன் பீட்டர், அவன் உடம்பு கிடைத்து அடக்கம் பண்ணியாயிற்று, அதனால் அவள் அடுப்பு எல்லோர் அடுப்பையும் போல எரியும் அணையும். "எதுக்கு வின்னியக்கா ஒப்பாரி? நெருப்ப எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. உங்க மவன் எங்க வீட்டுல எத்தன உருளக்கெழங்கு தின்னிருப்பான், அவனுக்கு வழி தெரியாதா? பீட்டரும் அவனும் சேந்து எம்பாத்திரத்தக் காலி பண்ணுன நாளெல்லாம் மறந்து போச்சா?" என்றாள். எனக்கு அது சரி என்று பட்டது, ஆனால் ஒரு குறை, அவள் வீடு மேட்டுக்குப் பின்னால், அந்தப் புகை கடலுக்குத் தெரியாது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்காதே. இரும்புச் சட்டியில் சாம்பல் போட்டு நடுவில் கங்குகளை வைத்து மூடிக்கொண்டு முதலில் படகுத்துறைக்குப் போனேன். நண்டுக் கூடை பின்னுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், இருந்தால் என்ன. தண்ணீர் ஓரத்தில் நின்று உரக்கச் சொன்னேன், கோல்மன், இந்த வாரம் நம் வீட்டில் புகை இருக்காது, அம்மா போய்விட்டாள் என்று நினைக்காதே, டெலியா வீட்டுக்குப் போ, அவள் வீட்டு நிலைப்படி தாழ்வு, தலை குனிந்து நுழை என்று. கூடை பின்னுகிறவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். திரும்பி மேட்டில் ஏறும்போது சட்டி சுட்டது, கை மாற்றி மாற்றிக் கொண்டுபோய் டெலியா அடுப்பில் கொட்டினேன்.

மக்டாரா மறுநாளே தொப்பியை உடைத்தான். உடைந்த துண்டைக் கொண்டுவந்து காட்டினான், வெங்காயத் தோல் மாதிரி பூச்சுக்கு மேல் பூச்சு, ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவில் கரி. "எல்லா வருசமும் இதுல இருக்கு பாருங்க" என்றான். நான் அந்தத் துண்டைச் சன்னலோரம் வைத்திருக்கிறேன். புதிதாக வார்த்ததில் ஓரத்தை வெளியே நீட்டி, தண்ணீர் செங்கல்லில் வழியாமல் சொட்ட அடியில் ஒரு வரி இழுத்திருக்கிறான், உன் அப்பா வைக்காமல் விட்டது அதுதானாம். ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஒவ்வொரு நாளும் வந்து நனைத்தான். வேலை செய்த வாரம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை, அதைத் தானே சொல்லி வரவழைத்த மாதிரி ஊரெல்லாம் பெருமையடித்தான். வீட்டில் நாங்கள் கம்பளி போர்த்திக்கொண்டு ரொட்டியும் டெலியா கொடுத்தனுப்பிய சூப்பும் சாப்பிட்டோம். நோரீனுக்குத் தலைவலி நின்றது, கன்னத்தில் நிறம் வந்தது. குழாயில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

வாரம் முடிந்து நெருப்பை எடுக்கப் போனேன். டெலியா கங்குகளைச் சட்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "காலையில எந்திரிச்சா அடுப்பு முன்னால தரை நனைஞ்சு கெடக்குதுக்கா. மழைத்தண்ணி எறங்கியிருக்கும்போல" என்று. ஆமாம், மழைத்தண்ணியாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். வாசல்வரை வந்து என் சால்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது நம் அடுப்பு எரிகிறது. புகை நேராகப் போகிறது, மாடியறையில் நாற்றம் இல்லை, நேற்று சபைனா வந்து மோந்து பார்த்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சுவர் மேலேயிருந்து காய்ந்துகொண்டு வருகிறது, தோள் உயரம் காய்ந்துவிட்டது, கீழ்ப்பாதிதான் இன்னும் ஈரம், முக்காலி உயரத்துக்கு. இன்று பூசைக்குக் கிளம்பும்போது நோரீன் காலணி மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "பாட்டி, மாமா உக்காந்துட்டாரு" என்றாள். நான் அடுப்பில் இன்னொரு கரிமண் கட்டியை வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். பிறகு கோவிலுக்குப் போனோம்.

மக்டாரா அந்தச் சுவரை உப்பைச் சுரண்டிப் பூசி வெள்ளையடித்துத் தருகிறேன் என்கிறான். அது முழுக்கக் காயட்டும், அவசரமில்லை என்றேன். நீ குளிரில் தலை நனைந்து வெளியே போகாதே, சாரத்தில் பலகை ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்துவிட்டு ஏறு, மனைவியிடம் குரலை உயர்த்தாதே, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதாவும் உன் அப்பாவும் அண்ணனும் உனக்கும் உன் குடும்பத்துக்கும் காவல் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே, உன்னுடைய புதிய போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல், நேராகப் பார்த்து. நீ இப்போது அண்ணனின் வயதைத் தாண்டிவிட்டாய், அவன் இருந்திருந்தால் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரிய வேண்டும். காலண்டர் மாட்டியிருந்த ஆணி அங்கேயேதான் இருக்கிறது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா வின்னி